சீனத்தில் குடித்தனம்: மேலே தமிழ், கீழே ஒரு வரி சீனம்



நம் விஷ்ராந்த்வாடி, தானோரி, டிங்ரேநகர் வட்டாரத்தில் பிள்ளைகளில் ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத தமிழ் வீட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. அமெரிக்கா, துபாய், சிங்கப்பூர் என்றால் நமக்கு வழி தெரியும். விசாரித்துச் சொல்லவும் ஆள் உண்டு. சீனா என்றால்தான் திகைத்துப் போகிறோம். 2020இல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, ‘கம்பெனியில் சீனாவுக்குப் போகச் சொல்கிறார்கள், குடும்பத்தை அழைத்துப் போகலாமா?’ என்று என்னிடம் கேட்டவர்கள் சிலர்.

என் மகள் குடும்பம் சில வருஷங்கள் ஷாங்காயில் இருந்தது. நானும் என் மனைவியும் 2018இலும் 2019இலும் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கினோம். ரயில்வேயில் காலம் கழித்தவன் ஆகையால் எதையும் அளந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அங்கே கண்டதையும், போகுமுன்னும் வந்தபின்னும் படித்ததையும் சேர்த்து, புறப்படும் குடும்பங்களுக்கு ஒரு பாடமாக எழுதுகிறேன்.

1. நமக்கு முன்னே போனவர்கள்

சீனாவுக்குக் குடிபோகும் முதல் தமிழர் நாமல்ல. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய வருஷங்களில் சீனப் பேரரசரின் அவைக்குச் சென்றதைச் சீனர்களின் சுங் வமிசக் குறிப்புகள் சொல்கின்றன. தூதர்கள் திரும்பிவிடுவார்கள், வணிகர்கள் தங்கிவிடுவார்கள். அப்படித் தங்கிய ஊர் ஃபூஜியன் மாகாணத்துத் துறைமுகமான சுவான்ஜோ. மார்க்கோ போலோ இதையே ஸைத்தூன் என்று எழுதினார்.

சுவான்ஜோவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சக வருஷம் 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் உடல்நலம் வேண்டி, திருக்கானீச்சரம் உடைய நாயனாரை அங்கே எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. கல்லில் தமிழ் வரிகள் மேலே இருக்கின்றன. அவற்றின் அடியில் ஒரு வரி சீன எழுத்து. ஊர்க்காரனும் படிக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலும். இந்த அமைப்பைத்தான் இந்தப் பாடத்தின் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஆள் நம் மகாராஷ்டிரத்துக்காரர். சோலாப்பூரில் 1910இல் பிறந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ். ஜப்பானியப் படையெடுப்பால் துன்பப்பட்ட சீனாவுக்கு 1938இல் இந்திய தேசிய காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவர். மற்றவர்கள் திரும்பினார்கள், இவர் தங்கினார். சீன மொழி பேசவும் படிக்கவும் கற்றார். குவோ சிங்லான் என்ற சீனத் தாதியை மணந்தார். பிறந்த மகனுக்கு யின்ஹுவா என்று பெயர் வைத்தார்கள். ‘யின்’ இந்தியா, ‘ஹுவா’ சீனா. 1942 டிசம்பர் 9ஆம் தேதி, 32 வயதில் கோட்னிஸ் காலமானார். ஷிஜியாஜுவாங் நகரத் தியாகிகள் மயானத்தில் அவருக்குச் சிலை உண்டு. அவர் கதையை வி. சாந்தாராம் 1946இல் படமாக எடுத்தார்.

கோயில் கட்டிய வணிகரும் சரி, மருத்துவம் பார்த்த டாக்டரும் சரி, அந்த ஊர் மனிதரோடு அந்த ஊர் மொழியில் பழகினார்கள். இன்றைய குடும்பத்துக்கும் முதல் பாடம் அதுதான்.

2. ‘நீ’ என்றால் ‘நீ’ தான்

சீன மொழியில் முன்னிலைச் சொல் என்ன தெரியுமா? ‘நீ’. ‘நீ ஹாவ்’ என்றால் ‘நீ நலமாக இரு’ என்று வணக்கம் சொல்வது. இது தற்செயலான ஒற்றுமையே தவிர உறவுமுறை எதுவும் இல்லை. ஆனால் முதல் நாளே ஒரு சொல் தெரிந்துவிட்டது என்ற தெம்பு வந்துவிடும். பெரியவர்களிடம் ‘நின்’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். நம் நீ, நீங்கள் மாதிரியே. தமிழ் மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தாய்மிஅர்’. தாய் என்று தொடங்குவதைக் கேட்டு என் மனைவிக்கு ஒரே மகிழ்ச்சி.

சீனத்தில் ஒலியின் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றும். ‘மா’ என்பதை ஒரே உயரத்தில் நீட்டினால் அம்மா. ‘என்ன?’ என்று கேட்பதுபோல் ஏற்றினால் சணல். தாழ்த்தி மேலே கொண்டுவந்தால் குதிரை. ‘போ!’ என்று அதட்டுவதுபோல் வெட்டி இறக்கினால் திட்டுதல். பாட்டுக் கற்ற பெண்களுக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது. வீட்டில் முதலில் தேறுகிறவர்கள் அவர்களே.

தமிழருக்கு ஒரு வரவு, ஒரு செலவு. வரவு நம் ழகரம். மனிதனுக்குச் சீனத்தில் ‘ழன்’ என்பார்கள். நாக்கை மடித்துச் சொல்லும் அந்த ஒலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மற்ற நாட்டார் தடுமாறும் இடத்தில் நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

செலவு, மூச்சொலி. நம் எழுத்தில் ஒரே ‘து’ தான். அவர்களுக்குச் சாதாரண ‘து’ வேறு, மூச்சைத் தள்ளிச் சொல்லும் ‘து’ வேறு. சாதாரணமாக ‘துஸ’ என்றால் வயிறு. மூச்சைத் தள்ளினால் முயல். மருத்துவரிடம் போய் ‘முயல் வலிக்கிறது’ என்று சொல்ல நேரும். இங்கே புனே வாசம் நமக்கு உதவுகிறது. மராத்தியில் ‘கா?’ என்றால் ஏன். அதையே மூச்சோடு சொன்னால் சாப்பிடு. இந்த வேறுபாட்டைக் காய்கறிச் சந்தையிலேயே கற்றுவிட்ட நம் குழந்தைகளுக்குச் சீனம் அவ்வளவு அந்நியமில்லை.

3. நூறு எழுத்து போதும், தொடங்குவதற்கு

சீன எழுத்து ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று பயந்து பலர் ஒன்றுகூடப் படிப்பதில்லை. செய்தித்தாள் படிக்கத்தான் ஆயிரக்கணக்கில் வேண்டும். நடமாடுவதற்கு நூறு எழுத்து தெரிந்தால் பெரிய விடுதலை.

மனிதன்: இரண்டு கால் விரித்து நிற்கும் கோட்டுருவம். மலை: நடுவில் உயர்ந்து மூன்று சிகரம். வாய்: வெறும் சதுரம். இரண்டு மலையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் ஓர் எழுத்தும் பக்கத்தில் சதுரமும் கண்டால், அது ‘வெளியே போகும் வழி’. கழிவறைக் கதவில், நான்காகப் பிரித்த வயலின் கீழே வலிமையைக் குறிக்கும் எழுத்து இருந்தால் ஆண்களுக்கு. இந்த ஒன்றை மட்டும் தெரியாமல் போகக் கூடாது!

இலக்கங்கள் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் தரைத்தளத்தையே அவர்கள் முதல் தளம் என்று எண்ணுவார்கள். ‘நான்கு’ என்ற சொல்லின் ஒலி ‘சாவு’ என்ற சொல்லை ஒத்திருப்பதால் பல கட்டடங்களில் நான்காம் தள எண்ணே இருக்காது. கடைக்காரர் ஒரு கையாலேயே பத்து வரை காட்டிவிடுவார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டினால் ஆறு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எட்டு. நாம் இரண்டு என்று எண்ணிப் பணம் நீட்டினால் அவர் சிரிப்பார்.

4. காகிதங்கள்

வேலைக்குப் போகிறவருக்கு ‘இஸட்’ விசா. மனைவி அல்லது கணவர், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், இருவரின் பெற்றோர் ஆகியோருக்கு ‘எஸ்’ விசா. 180 நாளுக்கு மேல் தங்குவதானால் ‘எஸ் 1’, அதற்குள் திரும்புவதானால் ‘எஸ் 2’. இஸட், எஸ் 1 விசாவில் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எஸ் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை.

ஓட்டலில் தங்கினால் அவர்களே போலீஸில் பதிவு செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே வட்டாரப் போலீஸ் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். மகள் வீட்டுக்கு வந்த பெற்றோருக்கும் இதே விதி. பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் அவர்கள் வழக்கம் நமக்குப் புரியும். நாம் தந்தை பெயரின் எழுத்தை முன்னே வைத்து நம் பெயரைப் பின்னே எழுதுகிறோம். அவர்கள் குடும்பப் பெயரை முன்னே வைக்கிறார்கள். மா சே துங் என்பதில் ‘மா’ குடும்பப் பெயர். சீனப் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பெயரை மாற்றுவதில்லை. ஆனால் நம் வீட்டில் அப்பா, அம்மா, குழந்தை மூவர் பாஸ்போர்ட்டிலும் மூன்று விதமாகக் குடும்பப் பெயர் இருந்தால் உறவை நிரூபிக்கத் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் தேவைப்படும். அவற்றை எந்த முறையில் அத்தாட்சி செய்ய வேண்டும் என்பதை விசா அலுவலகத்தில் கேட்டு, இங்கேயே முடித்துக்கொண்டு போங்கள்.

5. அடுக்களை

மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே நம் மிக்ஸி, கிரைண்டர் அங்கே ஓடும். பிளக்கின் முள்தான் வேறு, அடாப்டர் வேண்டும். குக்கருக்கு வாஷர் இரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள்.

ஷாங்காய் பக்கம் கிடைப்பது குட்டையான, ஒட்டும் அரிசி. ரசத்துக்கு அது சேராது. தென் சீனத்து நீள அரிசியைத் தேடி வாங்க வேண்டும். பச்சைப்பயறு தாராளமாகக் கிடைக்கிறது. துவரம்பருப்பும் உளுந்தும் இந்தியச் சாமான் விற்பவரிடமே கிடைக்கும். தயிர் என்று வாங்கினால் பெரும்பாலும் இனிக்கும். முதல் தடவை உறை மோரைத் தேடி அலைந்து, பிறகு வீட்டிலேயே தோய்த்துக்கொண்டார்கள்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘வோ பு ச்சர் ழோவ்’ என்றால் ‘நான் இறைச்சி சாப்பிடுவதில்லை’. ஆனால் ‘ழோவ்’ என்ற சொல் பேச்சு வழக்கில் பெரும்பாலும் பன்றி இறைச்சியைக் குறிக்கும். ஆகையால் கோழியோ மீனோ வந்து சேரலாம். ‘வோ ச்சர் சு’, நான் சைவம் உண்பவன், என்று சொல்வதே சரி. ‘சு’ என்ற அந்த எழுத்து, புத்த கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களின் பலகையில் இருக்கும். ஷாங்காயில் 1922இல் தொடங்கிய குங்தேலின் என்ற சைவ உணவகம் புகழ்பெற்றது. மற்ற இடங்களில் கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும், காய்கறியில் உலர்ந்த இறால் தூவுவதும் உண்டு. கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

முதியோருக்கு ஒரு நல்ல செய்தி. சீனர்கள் வெந்நீர்ப் பிரியர்கள். ரயிலிலும் நிலையத்திலும் விமான நிலையத்திலும் கொதித்த நீர் குழாயில் வரும். ‘காய் ஷுவெய்’ என்று கேட்டால் யாரும் தருவார்கள். ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் காப்பிக் கவலை தீர்ந்தது. வீட்டுக் குழாய் நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

ஷாங்காய் குளிர் கடுமையானது. பெய்ஜிங் போன்ற வட நகரங்களில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை அரசு ஏற்பாட்டில் வீடுகளுக்குச் சூடேற்றுகிறார்கள். ஷாங்காய் தெற்கே இருப்பதால் அந்த வசதி கிடையாது. வீட்டுக்குள்தான் அதிகம் நடுங்குவோம். கம்பளி உள்ளாடை அவசியம்.

6. வீட்டில் இருப்பவர்

வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் உண்டு, மொழிபெயர்ப்பாளர் உண்டு. பிள்ளைக்குப் பள்ளி உண்டு. எஸ் விசாவில் வந்த மனைவிக்கு நான்கு சுவர்தான். இங்கே வேலையை விட்டுவிட்டுப் போன பெண்ணுக்கு அது இன்னும் பாரம். குடும்பம் பாதியில் திரும்பி வருவதானால் காரணம் பெரும்பாலும் இதுவே என்று அங்கே பலரும் சொல்லக் கேட்டேன்.

என் மகள் முதல் மாதமே ஒரு சீன ஆசிரியையை வைத்துக்கொண்டாள். வாரம் மூன்று வகுப்பு. மாப்பிள்ளைக்கு இது வீண் செலவாகப் பட்டது; அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறதே என்றார். அதன் பயன் 2019 மார்ச்சில் ஓர் இரவு தெரிந்தது. மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார். ஐந்து வயதுப் பேத்திக்குக் காய்ச்சலோடு மூச்சு இரைக்கத் தொடங்கியது. உதடு நிறம் மாறியது. நாங்கள் இருவரும் கை பிசைந்துகொண்டு நின்றோம். மகள் 120க்குப் போன் செய்தாள். அங்கே ஆம்புலன்ஸ் எண் அதுதான். போலீஸ் 110, தீயணைப்பு 119.

சீன முகவரி பெரியதிலிருந்து சிறியதுக்குப் போகும். முதலில் நகரம், பிறகு வட்டாரம், சாலை, வளாக எண், கட்டடம், கடைசியில் வீட்டு எண். அந்த வரிசையிலேயே சொன்னாள். குழந்தையின் வயதைச் சொன்னாள். ‘மூச்சு விட முடியவில்லை’ என்றாள். வண்டி வந்தது. மருத்துவமனையில் முதலில் பதிவுச் சீட்டு, பணம் கட்டுதல், பிறகு மருத்துவர், மறுபடியும் பணம், பிறகு மருந்து என்று வரிசை வரிசையாக ஓட வேண்டும். எழுத்தைப் படித்துச் சரியான ஜன்னலுக்குப் போனாள். விடிவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. அடுத்த வாரம் முதல் மாப்பிள்ளையும் அதே ஆசிரியையிடம் வகுப்புக்கு உட்கார்ந்தார்.

ஆகவே சொல்கிறேன்: வீட்டு முகவரியைச் சீன எழுத்தில் அட்டையில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள், அதை வாயால் சொல்லவும் பழகுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் ரசாயனப் பெயரையும் எழுதி வையுங்கள். இந்திய வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

முதியோர் பூங்காவுக்குப் போக வேண்டும். காலையில் மெதுவான உடற்பயிற்சி, மாலையில் இசை போட்டுக் கூட்டமாக நடனம். பேரக்குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் அங்கே தாத்தா பாட்டி வேலைதான். பள்ளி வாசலில் என் மனைவிக்கு நான்கு சிநேகிதிகள் கிடைத்தார்கள். இரண்டு பக்கமும் இருபது சொல்லுக்கு மேல் கிடையாது. ஆனாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஊரோடு பேசுவதுதான் இன்று சிக்கல். சீனாவில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் இயங்காது. அவர்கள் பயன்படுத்தும் வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. நாங்கள் போனபோது வீசாட்டில் பேசினோம். இப்போது அந்த வழி இல்லை. இந்திய சிம் கார்டை ரோமிங் வசதியோடு வைத்திருந்தால் வாட்ஸ்அப் கிடைக்கிறது, செலவு அதிகம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். கிழமையும் மணியும் குறித்துவைத்துப் பேசுங்கள். கிழமை தவறினால் இங்கிருக்கும் பாட்டிக்குத் தூக்கம் வராது.

7. குழந்தையின் தமிழ்

சர்வதேசப் பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் சீனம். நடுவில் தமிழ் நழுவிவிடும். பேத்தி மூன்றாம் மாதத்திலேயே ‘பால்’ என்பதற்குப் பதில் ‘நியூநாய்’ என்றாள். சீனம் வரட்டும், தடுக்காதீர்கள். தமிழுக்கும் நேரம் ஒதுக்குங்கள். என் மகள் இரவுச் சாப்பாட்டு வேளையைத் தமிழுக்கு மட்டும் என்று வைத்தாள். நாங்கள் போனபோது, நான் தினம் ஒரு கதை சொல்லி, அவள் அதை மறுநாள் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சீனர்களே தமிழ் கற்கிறார்கள் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பெய்ஜிங்கிலிருந்து சீன வானொலி 1963 ஆகஸ்ட் 1 அன்று தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிற்றலையில் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். தமிழ் கற்ற சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயரே சூட்டிக்கொண்டு பேசினார்கள்.

சுவான்ஜோக் கல்லையும் எண்ணிப் பாருங்கள். அந்த வணிகர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பேசிய தமிழ் அங்கே நிற்கவில்லை. அவர்கள் கோயிலின் கற்கள் ஊரில் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஊர்ப்பக்கத்துச் சேடியன் கிராமத்தில், நாலு கையோடு வீற்றிருக்கும் நம் ஊர் அம்மன் சிலை ஒன்றைச் சீன மக்கள் தங்கள் குவான்யின் தேவியாக எண்ணிச் சாம்பிராணி காட்டி வணங்குகிறார்கள். வழிபாடு நிலைத்திருக்கிறது, மொழி போய்விட்டது. நம் புனேயிலும் மூன்றாம் தலைமுறைக்கு இந்தக் கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

8. ரயில்

இனி என் துறை. சீனத்து இருப்புப்பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம். நம் அகலப்பாதை 1,676. அகலம் குறைவானாலும் வேகத்தில் நம்மைத் தாண்டிப் போய்விட்டார்கள். பெய்ஜிங்–தியன்ஜின் பாதை 2008 ஆகஸ்டில் திறந்தது. 1,318 கிலோமீட்டர் பெய்ஜிங்–ஷாங்காய் பாதை 2011இல். அதிவேக ரயிலில் அந்தத் தூரம் ஏறத்தாழ நாலரை மணி. 2024 இறுதியில் அதிவேகப் பாதைகளின் மொத்த நீளம் 48,000 கிலோமீட்டர்.

டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்தது. நிலையத்துக்குள் நுழையச் சோதனை உண்டு. வண்டி புறப்படச் சில நிமிஷம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். ஓடிப்போய் ஏறும் பழக்கம் அங்கே செல்லாது. இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கை. ஏ, எஃப் என்ற எழுத்து ஜன்னலோரம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்குப் பெரியவர் ஒருவரோடு இலவசம். ஆறு முதல் பதினான்கு வரை சலுகைக் கட்டணம். பழைய வண்டிகளில் நம் மூன்றடுக்குப் போன்ற ‘கடினப் படுக்கை’ உண்டு, ஆனால் பக்கவாட்டுப் படுக்கை கிடையாது. சீனப் புத்தாண்டை ஒட்டியும் அக்டோபர் முதல் வாரத்திலும் பயணம் வைக்காதீர்கள். நாடே ரயிலில் இருக்கும்.

ஷாங்காய் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குக் காந்த மிதவை ரயில் ஓடுகிறது. நாங்கள் ஏறியபோது மணிக்கு 431 கிலோமீட்டரைப் பெட்டியிலிருந்த எண்பலகையில் பார்த்தேன். 2021 முதல் 300ஆகக் குறைத்துவிட்டார்கள்.

9. பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

பெருஞ்சுவர், அரண்மனை எல்லாம் சுற்றுலாக்காரர் காட்டிவிடுவார். அவர் காட்டாத மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பெருஞ்சுவரின் பாதலிங் பகுதிக்குக் கீழே உள்ள சிங்லுங்சியாவ் நிலையம். பெய்ஜிங்–ஜாங்ஜியாகோ பாதையை 1905இல் தொடங்கி 1909இல் முடித்தவர் ஜான் தியன்யோ என்ற பொறியாளர். அந்நியப் பொறியாளர் உதவியின்றிச் சீனர்கள் போட்ட முதல் பெரும் பாதை இது. மலை செங்குத்து, முப்பது அடிக்கு ஓர் அடி ஏற்றம். வளைத்துக் கொண்டுபோக இடமில்லாத இடத்தில் அவர் என்ன செய்தார்? வண்டி ஒரு காலில் ஏறி முனையில் நின்று, திசை மாறி மறு காலில் ஏறும்படி பாதையை அமைத்தார். வரைபடத்தில் பார்த்தால் ‘மனிதன்’ என்ற சீன எழுத்தேதான். மூன்றாம் பகுதியில் படித்தோமே, இரண்டு கால் விரித்த கோடு!

நமக்கு இது புதிதில்லை. 1863இல் திறந்த நம் போர்காட் பாதையில் கண்டாலாவுக்குக் கீழே வண்டி திசை மாறும் நிலையம் இருந்தது. அங்கே ஏற்றம் 37க்கு 1. ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் இறந்ததும் அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று ஒப்பந்தத்தை நிறைவேற்றினார். பிறகு புதிய பாதை வந்து திசை மாறும் நிலையம் மறைந்தது. சீனத்தில் பழைய நிலையம் நினைவிடமாக இருக்கிறது. ஜான் தியன்யோவின் சிலையும் சமாதியும் அங்கேயே. 2019 டிசம்பரில் திறந்த புதிய அதிவேகப் பாதை அதே மலைக்குள் நுழைகிறது; அதன் பாதலிங் நிலையம் தரைக்குக் கீழே 102 மீட்டர் ஆழத்தில்.

இரண்டாவது, செங்டு நகருக்கு அருகே தூஜியாங்யன். கி.மு. 256 அளவில் லி பிங் என்ற ஆட்சியாளர் மின் ஆற்றில் அமைத்த பாசன ஏற்பாடு. அணை கிடையாது. மீன் வாய் போன்ற கரை ஆற்றை இரண்டாகப் பிளக்கிறது. நீர் குறைந்த காலத்தில் பத்தில் ஆறு பங்கு வயலுக்குப் போகும் கிளையிலும், வெள்ளத்தில் ஆறு பங்கு வெளியாற்றிலும் போகும்படி தரையின் ஆழமும் வளைவும் பார்த்துக்கொள்கின்றன. மூங்கில் கூடையில் கல் நிரப்பிக் கரை கட்டினார்கள். கரிகாலன் கட்டியதாக நாம் போற்றும் கல்லணையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். இரண்டிலும் ஆற்றைத் தடுத்து நிறுத்தாமல் திருப்பிவிட்டார்கள். இரண்டும் இன்றும் வேலை செய்கின்றன.

மூன்றாவது, சுவான்ஜோ. 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. கையுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னே இரண்டு தூண்களில் கண்ணன், நரசிம்மர் சிற்பங்கள். கடல்சார் அருங்காட்சியகத்தில் லிங்கத்தை வணங்கும் யானை. திருவானைக்கா கதை தெரிந்த பாட்டி பக்கத்தில் இருந்தால் பேரனுக்கு விளக்கம் சொல்ல வேறு ஆள் வேண்டாம்.

வீட்டுப் பாடம்

புறப்பட மூன்று மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒன்றாகப் பத்துச் சொல்லைக் குடும்பத்தோடு உரக்கச் சொல்லிப் பழகுங்கள். ஏற்ற இறக்கத்தைச் சீனம் தெரிந்தவரிடமோ ஒலிப்பதிவிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நீ ஹாவ் – வணக்கம்.
ஷியெ ஷியெ – நன்றி.
துவோ ஷாவ் சியென் – விலை என்ன?
தாய் குவெய் ல – விலை அதிகம்.
பு யாவ் – வேண்டாம்.
வோ ச்சர் சு – நான் சைவம்.
காய் ஷுவெய் – காய்ச்சிய நீர்.
யீ யுவான் – மருத்துவமனை.
யின் து ழன் – இந்தியர்.
தாய்மிஅர் – தமிழ்.

இதோடு, போகும் குழந்தை ஒவ்வொன்றும் தன் பெயரையும் தாத்தா பாட்டி பெயரையும் ஒரு தாளில் தமிழில் எழுதட்டும். அதன் அடியில் ஒரு வரி இடம் விட்டுவையுங்கள். அங்கே போன பிறகு சீன ஆசிரியையிடம் கேட்டு அதே பெயர்களைச் சீன எழுத்தில் எழுதி, தபாலில் இங்கே அனுப்பச் சொல்லுங்கள். தபால் எந்தத் தடையும் இன்றி வந்து சேரும். பாட்டி அலமாரியில் ஒட்டிவைத்துக்கொள்வாள்.

இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் என்னைக் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்கிறேன்.